நூல் அறுந்தா தறி நிக்கணும்!

வரதராஜன்பேட்டையில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, அரியலூருக்கோ பெரம்பலூருக்கோ காலேஜ் போகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரைக்குத் தேவையான பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முந்திரிக்கொட்டை மூட்டையை முதுகில் ஏற்றுகிற லோடுமேனைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் லாரிக்குப் பின்னால் தூசி தின்றிருப்பீர்கள். இலையூர், வாரியங்காவல் பக்கம் போயிருந்தால் தறிச் சத்தத்தையும் கேட்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு குவிஸ். டொயோட்டா குடும்பத்தில் முதலில் பிறந்தது கார் கம்பெனியா, ஃபோர்க்லிஃப்ட் கம்பெனியா?

கார்தான் என்று சொன்னால் தப்பு பாஸ்! இன்னிக்கு உலகத்திலேயே அதிகமாக ஃபோர்க்லிஃப்ட் செய்கிற 'டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ்' என்ற கம்பெனிதான் மூத்தது. இன்னோவா செய்கிற டொயோட்டா மோட்டார் அது பெற்ற பிள்ளை. அந்தத் தாய்க் கம்பெனி பிறந்தபோது செய்தது ஃபோர்க்லிஃப்டும் இல்லை, காரும் இல்லை. தறி! ஜப்பான் மொழியில் அதன் பெயர் இன்றைக்கும் 'டொயோடா தானியங்கித் தறி' என்றுதான் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் விற்கிற கம்பெனிக்கு இப்படி ஒரு பெயரா என்று யாரும் அங்கே சிரிப்பதில்லை.

தறியில் இருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை எப்படி வந்தார்கள், வந்த வழியில் எதைத் தொலைத்தார்கள் என்பதுதான் கதை. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மத்தவங்களுக்கும் மேட்டர் இருக்கு.

தச்சர் மகன்

சகிச்சி டொயோடா 1867-ல் பிறந்தார். அப்பா தச்சர். ஊரில் பெண்கள் கைத்தறியில் மாடாக உழைப்பதைப் பார்த்துப் பார்த்து, 1891-ல் தன் முதல் மரத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கையாலும் செய்ய வேண்டிய வேலையை ஒரு கையால் செய்யலாம், அவ்வளவுதான் அதில் விசேஷம். 1896-ல் விசையில் ஓடும் தறி செய்தார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தறி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது ஊடை நூல் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கைத்தறியில் நெய்கிறவர் கண் பார்த்துவிடும், நிறுத்திவிடுவார். விசைத்தறிக்குக் கண் ஏது? அது பாட்டுக்கு ஓடும். துணி ஓட்டையாகிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் நின்று முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சகிச்சி என்ன செய்தார் என்றால், ஊடை அறுந்தால் தறி தானாகவே நின்றுபோகும்படி ஓர் ஏற்பாட்டை வைத்தார். தப்பு நடந்தால் இயந்திரமே நிற்கும். ஆள் வந்து நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் பின்னாளில் உலகமெங்கும் எம்.பி.ஏ. வகுப்புகளில் 'ஜிடோகா' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்களே, அது இந்த அறுந்த நூல்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1924-ல் வந்த 'ஜி டைப்' தறி இன்னும் ஒரு படி மேலே. நாடாவில் நூல் தீர்ந்தால், வேகத்தைக் குறைக்காமலே புது நாடாவை மாற்றிக்கொள்ளும். ஒரே ஆள் முப்பது தறியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இந்தத் தறியைச் செய்து விற்பதற்காக 1926 நவம்பரில் தொடங்கிய கம்பெனிதான் நம் கதாநாயகன்.

1929 டிசம்பரில் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஒரு காலத்தில் உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் ஜப்பான்காரரிடம் போய் வாங்கியதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. அந்தக் காசில்தான் கார் ஆராய்ச்சி தொடங்கியது என்று ரொம்ப நாளாகக் கதை சொல்வார்கள். பிளாட் கம்பெனி பின்னால் பேரம் பேசித் தொகையைக் குறைத்துவிட்டது, அதனால் அந்தக் கதையை அப்படியே முழுசாக நம்ப வேண்டாம். ஆனால் சகிச்சியின் மகன் கிச்சிரோவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்திருந்தது உண்மை. 1933-ல் தறி ஆலைக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் முதல் லாரி. 1936-ல் முதல் கார். 1937 ஆகஸ்டில் பிள்ளை தனிக்குடித்தனம் போனான். டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆயிற்று.

(ஒரு சின்ன இடைச்செருகல். குடும்பப் பெயர் டொயோடா, பிராண்ட் பெயர் டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் டொயோட்டா என்று எழுத எட்டுக் கோடு போதும், எட்டு அங்கே ராசியான எண். நியூமராலஜி நம்ம ஊர் சொத்து மட்டும் இல்லை போலிருக்கிறது.)

பிள்ளைக்கு ஜுரம்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 1950.

போர் முடிந்து ஐந்து வருஷம். ஜப்பானில் பணப்புழக்கத்தை இறுக்கிப் பிடித்தார்கள். லாரி வாங்கியவர்களிடம் இருந்து பணம் வரவில்லை. டொயோட்டா மோட்டார் மூழ்குகிற நிலைக்கு வந்துவிட்டது. வங்கிகள் சேர்ந்து கடன் கொடுத்துக் காப்பாற்றின, ஆனால் சும்மாவா? ஆளைக் குறை என்றார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் இரண்டாயிரம் பேர் வாக்கில் வெளியே போனார்கள். ஆட்குறைப்பு செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்த கிச்சிரோ, அதற்குப் பொறுப்பேற்றுத் தானும் ராஜினாமா செய்தார். இரண்டே வருஷத்தில், 1952 மார்ச்சில், இறந்தும் போனார்.

அப்போது கார் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்தவர் யார் தெரியுமா? தறிக் கம்பெனியின் தலைவர் தைசோ இஷிதா! கார் இன்ஜினீயரே இல்லை. துணி, நூல், தறி வியாபாரத்தில் ஊறிய மனுஷர். காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஆள். அந்த நேரம் பார்த்துக் கொரியப் போர் வந்தது. அமெரிக்க ராணுவம் லாரி கேட்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டான். அதிர்ஷ்டமா, சிக்கனமா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் ஜுரம் வந்த பிள்ளையைத் தூக்கிச் சுமந்தது தாய் வீடு என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்த சில வருஷத்தில் தாய்க் கம்பெனி தன் வயிற்றுப்பாட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டி வந்தது. துணிச் சந்தை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் விழும். தறியை மட்டும் நம்பி உட்கார முடியாது. கையில் என்ன இருக்கிறது? இரும்பு வார்க்கத் தெரியும். பிள்ளையின் தயவில் இன்ஜின், கியர், ஆக்ஸில் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். இதையெல்லாம் சேர்த்து 1956-ல் ஒரு வண்டி செய்தார்கள். பெயர் 'மாடல் எல்ஏ'. டொயோட்டாவின் முதல் ஃபோர்க்லிஃப்ட்!

இவர்கள் கண்டுபிடித்த வண்டி இல்லை அது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆக்ஸில் செய்துகொண்டிருந்த கிளார்க் கம்பெனி 1917-லேயே தன் ஆலைக்குள் சாமான் இழுக்க ஒரு குட்டி வண்டி செய்தது. ஆலைக்கு வந்த விருந்தாளிகள் 'எங்களுக்கும் ஒண்ணு கொடுங்க' என்று கேட்க, அதுவே தொழிலாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் மரப் பலகைத் தட்டில் சாமானை அடுக்கி, ஃபோர்க்லிஃப்டால் தூக்கிக் கப்பலில் ஏற்றியது. அந்தத் தட்டைத்தான் பேலட் என்கிறோம். போருக்குப் பிறகு உலகமே அதைக் கற்றுக்கொண்டது. டொயோட்டா அந்த வரிசையில் கொஞ்சம் தாமதமாக வந்து நின்ற ஆள். ஒரே வருஷம் கழித்து, 1957-ல், போட்டிக் கார் கம்பெனியான நிஸ்ஸானும் ஃபோர்க்லிஃப்டில் குதித்தது.

நாற்பது மூட்டைக் கணக்கு

கதையை இங்கே நிறுத்தி வண்டியைப் பார்ப்போம். ஃபோர்க்லிஃப்ட் என்பது குனிந்து தூக்குகிற லாரி இல்லை. அது சக்கரம் வைத்த ஏற்றம். நம் தாத்தாக்கள் கிணற்றில் ஏற்றம் இறைத்தார்களே, ஒரு பக்கம் சால், மறுபக்கம் ஆள், நடுவில் அச்சு. ஃபோர்க்லிஃப்டில் முன்சக்கர அச்சுதான் அந்த நடு. முன்னால் சுமை. பின்னால் பெரிய வார்ப்பிரும்புக் கட்டி. பேட்டரி வண்டியாக இருந்தால் அந்த பேட்டரியின் கனமும் சேர்ந்துகொள்ளும். கார் கம்பெனியில் எடையைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள், இங்கே எடையைக் காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள்!

ஃபோர்க்லிஃப்ட் ஏன் பின்சக்கரத்தில் திரும்புகிறது? இன்டர்வியூவில் கேட்டால் திருதிருவென்று முழிக்காதீர்கள். சுமை மொத்தமும் உட்காருவது முன்சக்கரத்தில். அதைத் திருப்புவது கஷ்டம். பின்சக்கரத்தைத் திருப்பினால் வண்டி முன்சக்கரத்தை மையமாக வைத்து நின்ற இடத்திலேயே சுழலும், குடோனின் குறுகலான சந்தில் நுழையும். பழக்கமில்லாதவர் ஓட்டினால் பின்பக்கம் வெளியே வீசி அடிக்கும். அதனால்தான் கார் ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் இதில் ஏறி உட்காரக் கூடாது.

இப்போது கணக்கு. இரண்டு டன் ஃபோர்க்லிஃப்ட் என்று எழுதியிருந்தால் எதை வேண்டுமானாலும் இரண்டு டன் தூக்கலாம் என்று அர்த்தம் இல்லை. சுமையின் மையம் ஃபோர்க்கின் முகப்பில் இருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் அந்த இரண்டு டன். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை நாற்பது. சரி, அதே எடையை நீளமான சாமானாக ஏற்றுகிறீர்கள், மையம் 800 மில்லிமீட்டருக்குத் தள்ளிப்போகிறது. முன்சக்கர அச்சில் இருந்து ஃபோர்க் முகப்பு வரை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 900-ஐ 2000-ஆல் பெருக்கினோம். இப்போது தூரம் 1200. வகுத்துப் பாருங்கள், 1500 கிலோதான் வருகிறது. பத்து மூட்டை காணாமல் போச்சு! எடை கூடவில்லை, மூட்டை உப்பவில்லை, தள்ளி வைத்ததுதான் குற்றம். இது வெறும் காகிதக் கணக்கு. உண்மையான அளவு வண்டியில் ஒரு தகட்டில் அடித்திருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

சுமை இல்லாத வண்டி ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள், அதுவும் தப்பு. பின் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு கட்டையில் ஊசலாடும்படி மாட்டியிருப்பார்கள். முன்சக்கரம் இரண்டு, பின்னால் அந்த ஒரு புள்ளி. மூன்றையும் கோடு போட்டால் முக்கோணம். வண்டியின் புவியீர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை பிழைத்தீர்கள். வேகமாக வளைத்தால் காலி வண்டியும் கவிழும். கவிழும்போது குதித்துத் தப்பிக்கப் பார்த்தவர்கள் மீதே வண்டி விழுந்திருக்கிறது. சீட்டிலேயே பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, கவிழ்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1990-களின் கடைசியில் டொயோட்டா ஒரு தந்திரம் கொண்டுவந்தது. வண்டி ஆபத்தாகச் சாய்வதை சென்சார் கண்டுபிடித்ததும், ஊசலாடும் பின் ஆக்ஸிலை ஹைட்ராலிக் சிலிண்டர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முக்கோணம் நாற்கரமாகிவிடும். பழைய தறியின் மூளைதான் இதிலும் வேலை செய்கிறது, பார்த்தீர்களா? தப்பு நடந்தால் இயந்திரமே உணர வேண்டும்.

விற்றவர்கள், வைத்துக்கொண்டவர்கள்

அதற்குப் பிறகு வளர்ச்சிதான், சீக்கிரம் சொல்லிவிடலாம். 1967-ல் அமெரிக்கச் சந்தை. 1990-ல் இண்டியானா மாநிலம் கொலம்பஸில் ஆலை. 2000-ல் ஸ்வீடனின் பி.டி. கம்பெனியை வாங்கினார்கள். கிடங்குக்குள் ஓடுகிற மெல்லிய பேட்டரி வண்டிகளில் பி.டி. பெரிய கை, அமெரிக்காவின் ரேமண்ட் கம்பெனியும் ஏற்கெனவே அதன் கையில் இருந்தது. 2001-ல் டொயோட்டா மோட்டார் தன்னிடம் இருந்த ஃபோர்க்லிஃப்ட் விற்பனைப் பிரிவையும் தாய்க் கம்பெனியிடமே ஒப்படைத்தது. இன்று அந்தத் தாய்க் கம்பெனிக்கு அதிக வருமானம் தருவது ஃபோர்க்லிஃப்டும் அதைச் சார்ந்த வேலைகளும்தான். கார் ஏசி கம்ப்ரசரிலும் அதுதான் உலக முன்னணி. ஏர்ஜெட் தறியும் இன்னும் செய்கிறது. பெங்களூர் பக்கம் ஜிகனியில் 1995-ல் கிர்லோஸ்கரோடு சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்ய ஆரம்பித்து, பிறகு அங்கேயே டீசல் இன்ஜினும் செய்ய வந்தது இதே கம்பெனிதான்.

எல்லாக் கார் கம்பெனியும் இப்படிப் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. நிஸ்ஸான் விற்றுவிட்டது. 2013-ல் அந்தத் தொழிலை ஹிட்டாச்சி குழுமத்தின் டி.சி.எம். கம்பெனியோடு இணைத்து யூனிகேரியர்ஸ் ஆக்கினார்கள். அதுவும் பிறகு மிட்சுபிஷி கைக்குப் போய், 2017-ல் மிட்சுபிஷி லாஜிஸ்நெக்ஸ்ட்டில் கரைந்தது. 'நமக்குக் கார்தான் முக்கியம்' என்ற கணக்கு. தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலான தொழில் போயே போச்சு.

நம்ம தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு அண்ணன் தம்பிக் கதை உண்டு. அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1970-களில் திருவள்ளூரில் மண் அள்ளும் இயந்திர ஆலை வைத்தது. 1980-களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லரிடம் தொழில்நுட்பம் வாங்கியது. கடைசியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆலையையே கேட்டர்பில்லருக்கு விற்றுவிட்டது. அப்புறம் என்ன ஆச்சு? 2014-ல் அம்பாசடர் நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பெஜோ கம்பெனிக்குப் போயிற்று. திருவள்ளூர் ஆலை மட்டும் இன்னும் ராட்சச டம்பர்களைச் செய்துகொண்டே இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி. வீட்டுக்கு வெளிச்சம் தந்த காரை எல்லோரும் கொஞ்சினார்கள், ஆயுசு கெட்டியாக இருந்தது கொல்லைப்புறத்து மஞ்சள் இயந்திரத்துக்கு.

ரீடிங் அட்ஜஸ்ட்!

இது வரைக்கும் சொன்னதை எந்த கம்பெனி விளம்பரப் புத்தகத்திலும் படித்துவிடலாம். இனிமேல்தான் உங்களுக்கும் எனக்கும் சுடுகிற விஷயம்.

2023 மார்ச்சில் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட் இன்ஜின்களுக்கான புகைச் சோதனையில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது! இன்ஜின் பழசாகப் பழசாகப் புகை எவ்வளவு கூடுகிறது என்று பல மணி நேரம் ஓட்டி அளக்க வேண்டும். அளந்த எண்ணுக்குப் பதிலாக மதிப்பிட்ட எண்ணை எழுதியிருக்கிறார்கள். சோதனை நடுவில் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானில் அந்த இன்ஜின் பொருத்திய ஃபோர்க்லிஃப்ட்களை அனுப்புவது நிறுத்தப்பட்டது. அரசாங்கம் சான்றிதழை ரத்து செய்தது.

அதோடு முடியவில்லை. வெளியாட்கள் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். 2024 ஜனவரியில் அறிக்கை வந்தது. காருக்கான டீசல் இன்ஜின்களிலும் இதே வேலை! குதிரைத்திறனை அளக்கும் சோதனையில், விற்பனைக்குப் போகிற இன்ஜினில் இல்லாத வேறு சாஃப்ட்வேரைப் போட்டு, வரைபடக் கோடு அழகாக வரும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உலகமெங்கும் பத்து மாடல் வண்டிகளை டொயோட்டா நிறுத்தி வைத்தது. இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றும் டீலர்களுக்குப் போவது சில நாள் நின்றது. பிப்ரவரியில்தான் மறுபடி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஏன் செய்தார்கள்? விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் பெரிய வில்லன் யாரும் இல்லை. நெருக்கிப் பிடிக்கிற கால அட்டவணை. விதிமுறையைப் பற்றிய அலட்சியம். கடைசித் தேதி வந்துவிட்டது, எண் வரவில்லை, எண்ணை வரவழைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று உங்கள் லேப் ரெக்கார்டை எடுங்கள். தெர்மல் லேபில் டீசல் இன்ஜின் டெஸ்ட். மெஷின் பாதியில் மக்கர் பண்ணுகிறது. அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது. கிராஃபில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்? 'மச்சி, போன வருஷ சீனியர் ரெக்கார்ட் இருக்கா?' தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி லேபிலும் கேட்கிற குரல் இது. அதைக் கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போடுகிற குரலும் பக்கத்திலேயே இருக்கும். ஜப்பானில் நடந்தது இதன் பெரிய சைஸ். அங்கே அதைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் ரெக்கார்ட் நோட் எழுதிய பசங்கதான்.

எனக்கு ஆறவே இல்லாத விஷயம் ஒன்று. நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும் என்று சொல்லிப் பிறந்த கம்பெனி இது. உலகத்துக்கே அந்தப் பாடத்தை விற்ற குடும்பம். டொயோட்டா கார் ஆலையில் அசெம்பிளி லைனில் தப்பு கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து ஆளைக் கூப்பிடலாம், தப்பு சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் சோதனை அறையில் நூல் அறுந்தது. பார்த்தவர்கள் இருந்தார்கள். கயிறு மட்டும் அங்கே இல்லை. தறிக்கு வைத்த கண்ணை மனுஷருக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

2025 ஜூனில் இன்னொரு திருப்பம். டொயோட்டா குழுமம் இந்தத் தாய்க் கம்பெனியை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. பேசப்பட்ட தொகை 4.7 லட்சம் கோடி யென் அளவில். சகிச்சியின் கொள்ளுப் பேரன் அகியோ டொயோடா சொந்தப் பணத்தையும் போடுகிறார். விலை ரொம்பக் குறைவு என்று சில பங்குதாரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1950-ல் தாய் பிள்ளையைத் தூக்கினாள், இப்போது பிள்ளை தாயை வீட்டோடு அழைத்துக்கொள்கிறான் என்று சென்டிமென்டாகவும் சொல்லலாம். பங்குச் சந்தையில் வெளியாட்கள் வந்து கேள்வி கேட்கிற கதவை மூடுகிறான் என்றும் சொல்லலாம். இரண்டாவது வாசிப்பில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 2023-ல் மாட்டிக்கொண்ட கம்பெனிக்குக் கேள்வி கேட்க ஆள் இருப்பது நல்லது.

ஜெயங்கொண்டத்துக்கு வருது

'இதெல்லாம் ஜப்பான் கதை சார், நமக்கென்ன' என்கிறீர்களா? 2023 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை திறந்தார்கள். 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. வரதராஜன்பேட்டையில் இருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். ஷூவை மூட்டையில் கட்டி அனுப்ப மாட்டார்கள். அட்டைப்பெட்டி, பேலட், கன்டெய்னர். ஃபோர்க்லிஃப்ட் வராமல் இருக்காது.

ஃபோர்க்லிஃப்ட் வந்தால் லோடுமேன் என்ன ஆவார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஃபோர்க்லிஃப்ட் வரலாறு எழுதுவது அயோக்கியத்தனம். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியம் இருக்கிறது. ஆனால் முதுகுத்தண்டு தேய்ந்தவருக்குப் பதில் அந்த சீட்டில் யார் உட்காருவார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பொறியியல் பட்டம் தேவையில்லை. முறையான பயிற்சியும், பொறுமையும், நல்ல கண்ணும் போதும். நாற்பது மூட்டையில் எது சாயும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர், இருபது வருஷமாக அதைத் தோளில் சுமந்த லோடுமேன்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்து ஏற்றி உட்காரவைப்பார்களா, இல்லை காண்ட்ராக்டர் வெளியூரில் இருந்து ஆள் கொண்டுவருவாரா என்பது ஆலைக்குள் உட்காரப்போகிற மேலாளர் கையில் இருக்கிறது. அந்த மேலாளர் இப்போது உங்கள் காலேஜில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கலாம்.

கேம்பஸுக்கு வருகிற எச்.ஆர். கடைசியில் சம்பிரதாயமாகக் கேட்பார்: 'எனி கொஸ்டின்ஸ்?' சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 'சார், உங்க டெஸ்ட் லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா, டெஸ்ட்டை நிறுத்துற அதிகாரம் யாருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.